எண்ணெயில் தண்ணீர் சேருமா

மகனுக்கு ஸலாம்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் இந்தக் கைக்குப் பழக்கம். இன்றைக்கு அது வரவில்லை. நேற்று நீ கடைக்குப் போன் பண்ணிக் கேட்டாய். "அத்தா, பிரேக் ஆயில ரெண்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தணுங்கிறது நெசமாவே தேவையா, இல்ல கடைக்காரங்க யாவாரத்துக்குச் சொல்லுறதா? எனக்கு பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. கொறஞ்சா ஊத்திக்கிட்டாப் போதும்னு பெரியத்தா சொல்லுதாவ." கடையில் ஆள் நிற்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். கடையில் ஒரு ஈ, காக்கை கிடையாது. இந்தக் கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், யாவாரம் என்ற சொல் உட்பட, நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டவர் என் அண்ணன், உன் பெரியத்தா. கேட்ட அன்று சாயங்காலம் நீ செத்துப் போயிருக்க வேண்டியவன்.

அவர் உன் கல்யாணத்துக்குக் கொடுத்த அந்த ஃபியட்டில், கட்டிக்கொண்டு வந்த பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை கொடைக்கானல் போவதாகச் சொன்னாய். அதனால் அதற்குள் இந்தக் கடிதம் மதுரைக்கு உன் கைக்கு வந்தாக வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் உன் அம்மா வந்து ரிசீவரைப் பிடுங்குவாள். நீயும் "அத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று காதை எடுத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் பாதியில் வைக்கத் தோன்றினாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் பார்.

முதலில் நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் கடை போட்டு இத்தனை வருஷமாக நான் தினமும் விற்கிற சாமான் அது. எல்லோரும் ஆயில் என்கிறார்கள், நானும் ஆயில் என்றே விற்கிறேன். ஆனால் அது எண்ணெய் இல்லை. எண்ணெயைப் போல வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் மூடி சரியாக மூடாத உப்பு ஜாடி எப்படித் தண்ணீர் விட்டுக்கொள்கிறதோ அப்படி அதுவும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டின்னைத் திறந்து வைத்தால் டின்னில் உறிஞ்சும். வண்டியில் ஊற்றினால் வண்டியில் உறிஞ்சும். தேன் நிறத்தில் ஊற்றியது கொஞ்ச நாளில் டிக்காஷன் மாதிரி ஆகிவிடும். இதற்காக பிரேக் பிடிக்காமல் போய்விடாது. நம்மூரில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஆயுசு முழுக்க ஓட்டினாலும் நீ சொன்ன மாதிரி நல்லாத்தான் பிடிக்கும். மலையில் இறங்கும்போதுதான் வினை. கீழே வருகிற வரைக்கும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் உள்ளே சேர்ந்திருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகும். அப்புறம் நீ மிதிக்கிறது ஆயிலை இல்லை, காற்றை. மிதி தரையோடு போய் உட்காரும், வண்டி தன்பாட்டுக்குப் போகும். செத்த நேரம் ஆறவிட்டால் ஆவி அடங்கி, மிதி பழையபடி கல்லு மாதிரி நிற்கும். இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்துக்கொள். பெரியத்தாவின் டிரைவர் கருப்பையாவின் வாழ்க்கை போனது இந்த வரியில்தான்.

எண்பத்திரண்டில் உனக்கு எட்டு வயது. புனலூரில் உன் பெரியம்மாவின் தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம். பெரியத்தாவும் பெரியம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அம்பாசிடரில் வந்து, நம் கடை வாசலில் நிறுத்தி, உன்னையும் உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குக் கடையை விட்டு நகர முடியாத நாள். வண்டி ஓட்டியது மம்சாபுரத்துக் கருப்பையா. பெரியத்தாவின் ஜவுளிக்கடை வண்டியைப் பல வருஷமாக அவன்தான் ஓட்டினான். நிறுத்தின உடனே பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் எட்டிப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது.

"மொதலாளி, ஆயிலு ரொம்பக் கறுத்துப் போச்சு. மலையில ஏறி எறங்கணும். மாத்திட்டுப் போயிருவமா?" என்று பெரியத்தாவைக் கேட்டான்.

"பிரேக் பிடிக்குதா, இல்லையா?"

"பிடிக்குது மொதலாளி."

"பொறவென்ன? கொறஞ்சிருந்தா செத்த ஊத்து. அம்புட்டுத்தான்."

நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணே, அரை மணி நேரம் குடுங்க. பழசை எறக்கிட்டுப் புதுசை ஊத்தித் தாரேன். காசு வேண்டாம்" என்றேன். உன் பெரியத்தா சிரித்தார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார். "ஏலே, இன்னைக்கு ஓசின்னு சொல்லுவே. நாளைக்கு அதைச் சொல்லியே மாசா மாசம் வண்டியக் கொண்டாரச் சொல்லுவே. ஒன் யாவாரத்துக்கு அண்ணன் வண்டிதானா கெடச்சுது? எண்ணெய் கெட்டுப்போகுமாலே? எண்ணெயில என்ன தண்ணியா சேரும்?" டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கருப்பையா பானட்டை இறக்கி மூடினான். நீ பின் சீட்டு ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாய்.

திரும்பி வரும்போது ஆரியங்காவு தாண்டி, புளியரை இறக்கத்தில் நடந்தது. நீ உன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அதனால் உனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். நான் சொல்லப்போவது உன் அம்மா அன்றைக்கு ராத்திரி, இன்னும் பயம் தெளியாத நேரத்தில், என்னிடம் தன் வாயால் சொன்னது. கருப்பையா சின்ன கியரில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பெரியத்தா, "இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்லே, மாட்டு வண்டியா ஓட்டுத" என்று விரட்டியிருக்கிறார். அவன் பெரிய கியருக்கு மாற்றி பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறான். ஒரு வளைவில், "மொதலாளி, மிதி எறங்குது, பிரேக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறான். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் பாறை. அவன் ரோட்டைக் குறுக்கே கடந்து, தான் உட்கார்ந்திருந்த வலது பக்கத்தைப் பாறையில் கொடுத்து, உரசி உரசியே வண்டியை நிறுத்தினான். கதவு உள்ளே மடிந்து அவன் கால் அதில் மாட்டிக்கொண்டது. பெரியத்தாவுக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. உனக்கு அதுவும் இல்லை. நீ முழித்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டாயாம்.

அவன் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மறுநாள் வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மிதி கல்லு மாதிரி நின்றது. ராத்திரி முழுக்க மலைக் காற்றில் ஆறிக் கிடந்த வண்டியில் மிதி நிற்காமல் என்ன செய்யும்? பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்ததை எழுதினார். ஆனால் அந்த நிமிஷத்தில் உன் பெரியத்தாவுக்கு ஒரு வழி திறந்தது. பிரேக் நன்றாக இருக்கிறது என்றால் ஓட்டினவன் தூங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போய் பாறையில் இடித்தவன் தூங்காமலா இடித்திருப்பான்? ஊரே நம்பியது. கருப்பையா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "பிரேக்கு பிடிக்கல, பிரேக்கு பிடிக்கல" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னான். காலைப் போக்கடித்தவன் புலம்புகிறான் என்றார்கள்.

அவன் பெண்சாதி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டுப் பெரியத்தா மேல் கேஸ் போட்டாள். யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. நான் உன் அம்மாவிடம் கேட்டேன். நீ காதால் கேட்டதைச் சொன்னால் போதும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றேன். அவள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். "அவிய பெரியவுக. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது பொல்லதுன்னா அவியதான் முன்ன நிக்கணும். நான் எதுவும் கேக்கல. தூங்கிட்டேன்." அவள் தூங்கவில்லை. அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் கனவிலா கேட்டேன்? அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுத்ததே இல்லை. அவள் கணக்கு பலித்துவிட்டது, பார்த்தாயா. உன் கல்யாணத்தில் பெரியத்தாதான் முன்னால் நின்றார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆக, நான் போனேன். சொந்த அண்ணனுக்கு எதிராகக் கூண்டில் ஏறினான் என்று நீ சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தாயே, அது இதுதான். என்ன சொன்னேன், என்ன நடந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கையில் ஒரு புது டின்னும் ஒரு கண்ணாடி டம்ளரும் கொண்டுபோனேன். டம்ளரில் தண்ணீர் விட்டு, அதில் பிரேக் ஆயிலை ஊற்றிக் காட்டினால், எண்ணெய் மாதிரி மேலே மிதக்காமல் சர்பத் மாதிரி கலந்துபோகும். யாருக்கும் புரியும். அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு எம்புட்டு நம்பிக்கை இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரியத்தாவின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிற மாதிரி சிரித்த முகமாகவே கேட்டார்.

"நீங்க பிரேக் ஆயில் விக்கிறவருதானே?"

"ஆமா."

"அடிக்கடி மாத்தணும்னு ஜனங்க நம்புனா ஒங்களுக்கு யாவாரம் கூடும். அப்படித்தானே?"

"கூடும். ஆனா நெசம் அதுதான்."

"சரி. அந்த ஆயில்ல தண்ணி சேரும்னு சொல்லுறீங்க. வீட்டுல சமையல் பண்ற எந்தப் பொம்பளகிட்டயும் கேட்டுப் பாருங்க, எண்ணெயில தண்ணி சேருமான்னு."

"அது எண்ணெய் இல்லங்க."

"எண்ணெய் இல்லையா? ஒங்க கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

அதையும் அவரே சொன்னார். "எங்களிடம் எல்லா வண்டிகளுக்கும் பிரேக் ஆயில் கிடைக்கும். நீங்க எழுதி வச்சதுதானே? போர்டுல எழுதும்போது எண்ணெய், கோர்ட்டுக்கு வந்தா எண்ணெய் இல்லையா?" கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கருப்பையாவின் பெண்சாதிகூட என்னைத் திரும்பிப் பார்த்தாள், இவன் நம்மைக் கவிழ்க்க வந்தவனோ என்கிற மாதிரி. நான் டம்ளரை எடுத்தேன், ஒரு நிமிஷம், செய்து காட்டுகிறேன் என்றேன். "இது கோர்ட்டு. ஒங்க கடை இல்ல" என்றார் வக்கீல். உட்காரச் சொல்லிவிட்டார்கள். கேஸ் நிற்கவில்லை. வெளியே வந்து அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் போர்டை மாற்றலாம் என்று பெயிண்டரைக் கூப்பிட்டேன். "ஆயிலுங்கிறத அழிச்சுட்டு வேற என்ன அண்ணாச்சி எழுத?" என்று தூரிகையை வைத்துக்கொண்டு கேட்டான். திரவம் என்று எழுதினால் மண்ணெண்ணெய்க் கடை என்று நினைத்துக்கொண்டு எவனாவது கேனோடு வருவான். டீத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்த ஊரில் மட்டுமில்லை, இந்தப் பக்கம் எங்கே போனாலும் அதற்கு அந்தப் பேர்தான். சொல்லே பொய் சொல்கிறபோது கடைக்காரன் என்ன சொல்லி யார் நம்பப் போகிறார்கள்?

பெரியத்தா அன்றோடு நம் வாசல் மிதிக்கவில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட முடியவில்லை என்று நீ அழுதாய். அழுததற்கும் நான்தான் காரணம் ஆனேன். அவராக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சினேகிதர்களோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போனாயே, நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் கட்டையை ஊன்றிக்கொண்டு டோக்கன் கொடுத்தவனைக் காட்டி, "இந்தா இவன்தான் தூங்கிக் கருப்பையா, எங்களக் கொல்லப் பார்த்தவன்" என்று சொன்னாயாம். எனக்குச் சொன்னது அவனே. புகாராகச் சொல்லவில்லை. "சின்ன மொதலாளி, பிள்ள சின்னது, தெரியாமச் சொல்லிருச்சு. வளந்து நல்லா இருக்கான். அப்படியே ஒங்க சாடை" என்றான். மம்சாபுரத்தில் இன்றைக்கும் அவனுக்குத் தூங்கி என்றுதான் பேர். அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் விசாரித்தபோதுகூட, தூங்கி வீடா என்றுதான் கேட்டார்களாம். உன் உயிரைக் காப்பாற்ற ஒரு காலைக் கொடுத்தவனுக்கு நம் குடும்பம் கொடுத்த பட்டம் அது.

நீ காலேஜ் முடித்து, உன் பாட்டுக்குப் பெரியத்தா வீட்டுக்குப் போய், ஒட்டிக்கொண்டாய். "எத்தன வருசத்துக்குத்தான் அத்தா மனசுல வச்சுக்கிட்டிருப்பீங்க? பிரேக் ஃபெயிலாயிருச்சு. அது யாரு குத்தம்?" என்று என்னைக் கேட்டாய். ஃபெயிலாயிருச்சாம். இடி விழுந்துவிட்டது, மழை பெய்துவிட்டது என்கிற மாதிரி. கோர்ட்டில் பெரியத்தா, பிரேக் நன்றாக இருந்தது, கருப்பையா தூங்கினான் என்றார். கேஸ் முடிந்த பிறகு அவரே, அல்லாவின் நாட்டம், பிரேக் ஃபெயிலாகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார். இரண்டில் எது நிஜம் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. என் கடையில் அரை மணி நேரம் நிறுத்தியிருந்தால் அது ஃபெயிலாகியிருக்காது. அல்லாவின் மேல் ஏன் போட வேண்டும்?

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று உன் அம்மாவும் சொல்கிறாள். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு மன்னிக்கத் தெரியாது என்று நீ உன் பெண்சாதியிடம் சொல்லியிருப்பாய், சொல்லிக்கொள். உன் கல்யாணத்தன்று, எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாவியில் பூச்சுற்றி உன் கையில் கொடுத்த அந்த ஃபியட்டின் பானட்டைப் போய்த் தூக்கிப் பார்த்தேன். மூடியைத் திறந்தேன். அதே கறுப்பு. பதினாறு வருஷத்தில் அவர் மாறவே இல்லை. அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். பந்தலில் பெரியத்தா உன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். நான் போய்ச் சொன்னால், அண்ணன் கொடுத்த அன்பளிப்பில் நொட்டை சொல்ல வந்துவிட்டான் என்பார்கள். நீயும் முகத்தைச் சுளிப்பாய். அந்த முகச்சுளிப்பைக் கல்யாண நாளில் பார்க்க வேண்டாம் என்று மூடியைத் திருகி மூடிவிட்டு வந்தேன்.

நீ கேட்டாய், நெசமாவே தேவையா என்று. தேவை. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவனுக்கு இன்றைக்கே தலை போகிற அவசரம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மலையில் இறங்கப் போகிறவன், அதுவும் எப்போது மாற்றியது என்றே தெரியாத வண்டியை வைத்திருக்கிறவன், புறப்படுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும். குறைந்ததை நிரப்புவது மாற்றுவது ஆகாது. அழுக்குத் தண்ணீர்க் குடத்தில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் குடம் சுத்தமாகிவிடுமா? நாலு சக்கரத்திலும் பழசு முழுக்க வெளியேறி, தெளிவாக வருகிற வரைக்கும் இறக்கச் சொல். பக்கத்திலேயே நின்று பார். இறக்கத்தில் சின்ன கியரில் வா. எவன் பின்னால் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். மிதி மெத்தென்று இறங்குகிற மாதிரி இருந்தால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, அந்தப் பெண்ணையும் இறக்கிவிட்டு, ஆறவிடு.

இதை நான் சொல்வதால் உனக்குச் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். உன் பெரியத்தாவுக்கு வந்தது, வக்கீலுக்கு வந்தது, கோர்ட்டில் சிரித்த அத்தனை பேருக்கும் வந்தது. நேற்று போனில் உன் குரலிலும் இருந்தது. அதனால் ஒன்று செய். என் கடையில் வாங்காதே. நான் டின் கொடுத்து அனுப்பவும் மாட்டேன். மதுரையில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே முன்னப்பின்ன தெரியாத யாராவது ஒரு கடைக்காரனிடம் போய், முழு விலை கொடுத்து வாங்கு. எனக்கு இதில் ஒரு பைசா யாவாரம் இல்லை என்று உனக்கு நிச்சயமானால், அப்போதாவது நான் உன் அத்தாவாகத்தான் சொன்னேன் என்று நம்புவாய் அல்லவா?

அத்தா